கடல் இல்லாத ஊருக்குக் கடலைப் பார்க்கும் கண் எதற்கு?



பத்தமடையில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அட்டையாலும் தெர்மாக்கோலாலும் செய்த செயற்கைக்கோள் மாதிரி ஒன்று மேசைமேல் நின்றது. அதன் அருகே ‘கடலை ஆராயும் கோள்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “சார், நம்ம ஊர்லதான் கடலே இல்லையே! இது நமக்கு எதுக்கு சார்?”

சிரித்துவிட்டுப் போகத்தக்க கேள்வியன்று அது. நாட்டின் வரிப்பணத்தில் ஒரு பொருளைச் செய்து விண்ணுக்கு அனுப்பும்போது, ‘இதனால் எனக்கு என்ன பயன்?’ என்று கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அன்று கூட்ட நெரிசலில் நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே சொல்ல முயல்கிறேன். அந்த விடையோடு என் மனக்குறை ஒன்றையும் சொல்லப் போகிறேன்.

பாயும் கடலும்

பத்தமடை என்றதும் பாய்தான் நினைவுக்கு வரும். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் தாமிரபரணி நீரில் பல நாள் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்கிறார்கள். கோரை விளைய ஆறு வேண்டும். ஆறு ஓடப் பொதிகை மலையில் மழை வேண்டும். அந்த மழை எங்கிருந்து வருகிறது?

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தியப் பெருங்கடலிலும் அரபிக் கடலிலும் நீராவியை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. முன்னதை நம்பிக் கார் சாகுபடி, பின்னதை நம்பிப் பிசானச் சாகுபடி. இவ்விரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் வாழ்க்கை.

பத்தமடையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 60 கி.மீ. கிழக்கே, புன்னைக்காயல் அருகே, தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆகவே நம் ஆறு கடலில் முடிகிறது என்று பாடத்தில் படிக்கிறோம். கடலில் தொடங்கவும் செய்கிறது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கடல் நீரின் வெப்பம் ஒரு பாகை கூடினாலும் குறைந்தாலும், எழும் நீராவியின் அளவும் காற்றின் போக்கும் மாறும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பகுதி குளிர்ச்சியாகவும் ஆகிவிடும் ஆண்டுகள் உண்டு. சில ஆண்டுகளில் இது தலைகீழாக நிகழும். சஜி என்ற இந்திய விஞ்ஞானியும் யமகாட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அவர்களுடைய குழுவினரும் 1999-ஆம் ஆண்டில் இதை விளக்கினார்கள். ‘இந்தியப் பெருங்கடல் இருமுனை’ என்று இதற்குப் பெயர். மேற்கு சூடாகும் ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுப்பெறுகிறது. ஆப்பிரிக்கக் கரையோரக் கடல் சூடாவதற்கும் பிசான நெல்லுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நம் பாட்டன்மாரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

இவ்வளவு பரந்த கடலைக் கப்பலில் சென்று வெப்பமானி வைத்து அளந்து முடிக்க இயலாது. கப்பல் ஒரு முனையை அளந்துவிட்டு மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனை மாறிவிடும். அதனால்தான் விண்ணில் ஒரு கண் தேவையாயிற்று.

விண்ணில் ஒரு தறி

அந்தக் கண் எப்படிப் பார்க்கிறது? பாய்த் தறியைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

1999 மே 26-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 கோளை எடுத்துக்கொள்வோம். அது 720 கி.மீ. உயரத்தில், துருவம் விட்டுத் துருவமாகப் பூமியைச் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 99 நிமிடம். அதிலிருந்த வண்ணமானி என்னும் கருவி 1420 கி.மீ. அகலமுள்ள கடற்பரப்பை ஒரே பார்வையில் வரிவரியாகப் படம் எடுத்தது. தறியில் குறுக்கே ஒரு கோரை இழையைச் செலுத்தி அழுத்தியபின் அடுத்த இழையைச் செலுத்துவது போல, கோள் முன்னே நகர நகர ஒரு வரிக்கு அடுத்து இன்னொரு வரியாகப் படம் நெய்யப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் தரையில் 360 மீட்டர். 1420 கி.மீ.-ஐ 360 மீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு வரியில் ஏறக்குறைய 4000 புள்ளிகள் வரும். இழை மெலிந்தால் பாய் உயர்ந்தது. புள்ளி சிறிதானால் படம் நுட்பமானது.

இந்தக் கண் நான்கு வகையில் பார்க்கிறது.

முதலாவது, நிறம். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்களில் பச்சையம் உண்டு. அது நீல ஒளியை விழுங்கிவிடுவதால் அவை மிகுந்த இடத்தில் கடல் பச்சை கலந்து தோன்றும. அவற்றைத் தின்னச் சிறு உயிர்களும், சிறு உயிர்களைத் தின்ன மீன்களும் வரும். ஆகவே கடலின் நிறத்தைப் படித்தால் மீன் கூடும் இடத்தை ஊகிக்கலாம்.

இரண்டாவது, வெப்பம். கடல் மேற்பரப்பு விடும் அகச்சிவப்புக் கதிரை அளந்து அதன் சூட்டைக் கணிக்கிறார்கள்.

மூன்றாவது, காற்று. கோள் நுண்ணலைகளைக் கடல்மீது சாய்வாக வீசுகிறது. காற்று வீசும் இடத்தில் நீர்ப்பரப்பில் சில சென்டிமீட்டர் அளவுள்ள சிற்றலைகள் எழும். அவற்றில் பட்டுத் திரும்பிவரும் நுண்ணலையின் வலிமையைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள். ஆளே இல்லாத நடுக்கடலில் காற்றாடி நட்டு அளப்பதற்கு ஒப்பானது இது. நுண்ணலை மேகத்தையும் ஊடுருவும், இரவிலும் வேலை செய்யும்.

நான்காவது, உயரம். நேர் கீழே துடிப்பலையை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கொண்டு கடல் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கிறார்கள். 1992-இல் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய ‘டோபெக்ஸ் – பொசைடன்’ கோளும் அதன் வழித்தோன்றல்களும் 1993 முதல் அளந்ததில், முப்பது ஆண்டுகளில் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 10 செ.மீ. உயர்ந்திருப்பது தெரிந்தது. ஒரு சாணுக்கும் குறைவுதானே என்று எண்ணாதீர்கள். கடைமடையில் ஆற்று நீரும் உப்பு நீரும் தள்ளிக்கொண்டு நிற்கும் இடத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கில் வரும்.

நம் நாட்டின் பங்கும் நம் மாவட்டத்தின் பங்கும்

கடலுக்கென்றே முதன்முதல் ஏவப்பட்டது அமெரிக்காவின் ‘சீசாட்’. 1978 ஜூனில் ஏவப்பட்ட அது மின்கோளாறால் அக்டோபரிலேயே செயலிழந்தது. ஆனால் அந்த நூற்றுச் சில்லறை நாட்களில் அது காட்டிய வழியில்தான் பின்னர் வந்தவை நடந்தன.

நாமும் வெகுவாகப் பின்தங்கிவிடவில்லை. 1979 ஜூன் 7-இல் சோவியத் ராக்கெட்டில் ஏறிச் சென்ற நம் பாஸ்கரா-1, கடல்மீதுள்ள நீராவியை அளக்க ஒரு நுண்ணலைக் கருவியைச் சுமந்திருந்தது. 1981-இல் பாஸ்கரா-2. பிறகு நாம் பார்த்த ஓஷன்சாட்-1. 2009 செப்டம்பர் 23-இல் ஓஷன்சாட்-2, காற்றை அளக்கும் கருவியோடு சென்றது. அக்கருவி 2014-இல் பழுதுபட்டதும், அதன் பணியைத் தொடர 2016 செப்டம்பர் 26-இல் ஸ்காட்சாட்-1 ஏவப்பட்டது. இடையில் 2013-இல் பிரான்சுடன் இணைந்து கடல் மட்டத்தை அளக்கும் ‘சரல்’. 2022 நவம்பர் 26-இல் ஓஷன்சாட்-3. இதில் நிறம், வெப்பம், காற்று மூன்றையும் அளக்கும் கருவிகள் ஒன்றாக அமைந்தன.

ஓஷன்சாட் கோள்களைச் சுமந்து சென்றது பி.எஸ்.எல்.வி. அதன் இரண்டாம் கட்டத்தில் எரியும் ‘விகாஸ்’ எஞ்சின் எங்கே சோதிக்கப்படுகிறது தெரியுமா? நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். அந்த மலையடிவாரத்தில் தேர்ச்சி பெற்ற எஞ்சின்தான் கடலைப் பார்க்கும் கண்ணை விண்ணில் ஏற்றுகிறது.

இனி இன்னும் நெருங்கி வரப்போகிறது. திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள குலசேகரன்பட்டினத்தில் சிறிய ஏவுகலங்களுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் இந்த இடம்? உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ராக்கெட் சென்றால் இலங்கைமீது பறக்க வேண்டும். அதைத் தவிர்க்க வளைந்து போகிறார்கள், எரிபொருள் வீணாகிறது. பெரிய ராக்கெட் இதைத் தாங்கிக்கொள்ளும். சிறியதற்கு அது பெருஞ்சுமை. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்தான். கடலை ஆராயும் கோள்கள் துருவப் பாதையில் செல்பவை என்பதை நினைவிற் கொண்டால் இதன் அருமை விளங்கும்.

கண் மட்டும் போதுமா?

‘ஏழைகள் நிறைந்த நாட்டுக்கு விண்கலம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். புயலையே விடையாகக் காட்டுவது வழக்கம். நானும் காட்டுகிறேன். ஆனால் அந்த விடையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பயணிகளோடு ஒரு ரயில் கடலுக்குள் போயிற்று. அப்போது வானிலைக் கோள்கள் குழந்தைப் பருவத்தில் இருந்தன. நமக்கென்று ஒரு கோளும் இல்லை. கண் இல்லாத காலம் அது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது அப்படிச் சொல்ல முடியாது. நம் இன்சாட் கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. புயல் வருவது தெரிந்திருந்தது. ஆயினும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

2013 அக்டோபர் 12-இல் அதே ஒடிசாவைப் ‘பைலின்’ என்ற கடும் புயல் தாக்கியது. இம்முறை இறப்பு சில பத்துகளோடு நின்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கணிப்பு மேம்பட்டது உண்மைதான். ஆனால் அது மட்டுமா காரணம்? கரையோரமெங்கும் புயல் காப்பகங்கள் எழுந்திருந்தன. ஊர் ஊராகச் செய்தி சொல்ல ஆட்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் புயலுக்கு முன்பே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டார்கள். கண் கண்டதைச் சொல்ல வாயும், கேட்கக் காதும், நடக்கக் காலும் அங்கே உருவாகியிருந்தன.

இன்னொரு சான்று. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கம். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, கடல் மட்டத்தை அளக்கும் ‘ஜேசன்-1’ கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்தது. அரை மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்த சுனாமி அலையை அது பதிவும் செய்தது. ஆனால் அந்தப் பதிவைப் பிரித்தெடுத்து விஞ்ஞானிகள் பார்ப்பதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நம் கரையில் எல்லாம் முடிந்துவிட்டது. கண் பார்த்தது. ஆனால் பார்த்ததை உடனே சொல்லும் ஏற்பாடு அப்போது இல்லை. அந்தப் பாடத்தைக் கற்று, 2007-இல் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் மையமான ‘இன்காய்ஸ்’ நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கினார்கள்.

அதன் பின்னும் நம் பக்கத்திலேயே ஒரு துயரம் நிகழ்ந்தது. 2017 நவம்பர் 29-இல் குமரிக்கடலருகே உருவான தாழ்வு மண்டலம் மறுநாள் காலைக்குள் ‘ஒக்கி’ புயலாகிவிட்டது. ‘மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்’ என்று எச்சரிக்கை வந்தது. ஆனால் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள் என்ன செய்வார்கள்? கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கி.மீ. தாண்டினால் கைப்பேசி ஊமையாகிவிடும். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது திரும்பவே இல்லை. அவர்கள் தலைக்குமேல், அவர்களுடைய வரிப்பணத்தில் செய்த கோள்கள் அந்தப் புயலைப் படமெடுத்துக்கொண்டிருந்தன.

இதுதான் என் மனக்குறை. அந்த மாணவியிடம் நான் சொல்லத் தவறியதும் இதுதான்.

என் கருத்து

கடலைப் பார்ப்பதில் நாம் உலகின் முன்வரிசையில் இருக்கிறோம். பார்த்ததைக் கடைசி மனிதனிடம் சேர்ப்பதில் அவ்வாறு இல்லை. ஆகவே, அடுத்து வரும் ஆண்டுகளில் புதிய கோள் ஒன்றுக்குக் காட்டும் அதே அக்கறையை, அதன் செய்தி படகு வரை, வயல் வரை, பள்ளி வரை போய்ச் சேரும் பாதைக்கும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. கோளின் விலையைக் கணக்கிடும்போதே அந்தப் பாதையின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பாதியில் நிறுத்திய பாயில் யார் படுப்பார்கள்?

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இன்காய்ஸ் மையம் கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஆழத்தில் மீன் கூடக்கூடும் என்று தமிழ் உட்பட வட்டார மொழிகளில் அறிவிக்கிறது. வீணாக அலைவதும் டீசல் செலவும் இதனால் குறைகின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய செய்திகளை மீனவர் கையில் சேர்க்கக் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கியது. ஒக்கிக்குப் பின், 2019-இல் ‘ஜெமினி’ என்ற சிறு கருவி அறிமுகமாயிற்று. அது செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கையைப் பெற்றுத் தரும். ஆனால் அதன்மூலம் கேட்கத்தான் முடியும்; ‘நான் இங்கே தத்தளிக்கிறேன்’ என்று பதில் சொல்ல முடியாது. பேசவும் கேட்கவும் வல்ல கருவிகளை இப்போது படகுகளில் பொருத்தி வருகிறார்கள். இந்த வேலை, ராக்கெட் ஏவுவதைப் போலத் தொலைக்காட்சியில் காட்டப்படுவதில்லை. கைதட்டலும் கிடைப்பதில்லை. எனினும் உயிரைக் காப்பது இதுதான்.

குலசேகரன்பட்டினத்துக்கும் இது பொருந்தும். ராக்கெட் ஏவும் நாளில், பாதுகாப்புக்காகக் கடலின் ஒரு பகுதியில் படகுகளைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். நாட்டுக்காகத் தன் கடலை ஒரு நாள் விட்டுக்கொடுக்கும் மீனவனுக்கு, அந்த ராக்கெட் ஏற்றும் கோளின் செய்தி முதலில் கிடைக்க வேண்டும். இதைக் கருணையாகக் கருதக் கூடாது. அவனுக்குச் சேர வேண்டிய பங்கு அது.

எதிர்வாதமும் ஒன்று உண்டு

‘கண்ணே இன்னும் சரியாகத் தெரியவில்லையே! அதை முதலில் திருத்த வேண்டாமா?’ என்று சிலர் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. 2023 டிசம்பரை நம் பள்ளத்தாக்கில் யார் மறக்க முடியும்?

டிசம்பர் 17-ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழை மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. அந்தப் பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். ஒரு சதுர கிலோமீட்டரில் 95 செ.மீ. மழை என்றால் 95 கோடி லிட்டர் நீர்! தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் நின்றுவிட்டது. கனமழை பெய்யும் என்ற எச்சரிக்கை இருந்தது. ஆனால் இந்த ஊரில் இவ்வளவு கொட்டும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை.

காரணம் என்ன? விண்ணிலிருந்து பார்க்கும் கோள் மேகத்தின் தலையைத்தான் முதலில் காண்கிறது. அடியில் எவ்வளவு மழை என்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. கடலில் அது காண்பதும் மேல்தோலைத்தான். உள்ளே உள்ள சூட்டை அறிய, 2000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழும் ‘ஆர்கோ’ மிதவைகள் வேண்டும். உலகக் கடல்களில் அவை ஏறத்தாழ 4000 இருக்கின்றன. காற்றை அளக்கும் கருவியின் ஒரு கட்டம் 25 கி.மீ. அளவு. அன்று காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தபோது திருச்செந்தூரில் பதிவானது 69 செ.மீ. இரண்டு ஊருக்கும் இடையே பத்துக் கி.மீ.கூட இல்லை. அத்தகைய ஒரே கட்டத்துக்குள் இரண்டு ஊரும் அடங்கிவிடும்.

எனவே கண்ணைக் கூர்மையாக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள்: இந்தக் குறையைத் தீர்க்கவும் விண்ணில் இன்னொரு கோள் மட்டும் போதாது. தரையில் அடர்த்தியாக மழைமானிகள் வேண்டும். ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அளவுகோல்கள் வேண்டும். கடலில் மிதவைகள் வேண்டும். விண்ணிலிருந்து வரும் கணக்கு சரியா தவறா என்று உரைத்துப் பார்க்கும் உரைகல் தரையில்தான் இருக்கிறது. எச்சரிக்கை கீழே இறங்கி வரும் பாதையைப் போலவே, அளவுகள் கீழிருந்து மேலே போகும் பாதையும் தேவை. நான் கேட்பது இந்த இருவழிப் பாதையைத்தான்.

கடலோர மீனவரின் அறிவும் அந்தப் பாதையில் சேர வேண்டும். கச்சான் எப்போது திரும்பும், வாடை எப்போது இறங்கும், நீரோட்டம் எப்படி இழுக்கும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் அவர்கள். கோள் சொன்ன இடத்தில் மீன் இருந்ததா என்று அவர்களைக் கேட்டால்தான் அடுத்த கணிப்பு சிறக்கும். ‘விஞ்ஞானம் சொல்கிறது, நீ கேள்’ என்னும் போக்கு விஞ்ஞானத்துக்கே அழகன்று.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்கள் பங்குக்கு ஒரு சிறு வேலை உண்டு.

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை இந்த ஆற்றங்கரையில் எத்தனையோ உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி இருக்கட்டும். பக்கங்கள் நேராக உள்ள தகர டப்பாவோ கண்ணாடிக் குவளையோ, அதோடு ஓர் அளவுகோலும் இருந்தால் போதும். மரமும் கட்டடமும் மறைக்காத திறந்த இடத்தில் வைத்தால் சரி. தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். இந்திய வானிலைத் துறையும் தன் நாள் மழையை அந்த நேரத்தில்தான் கணக்கிடுகிறது. பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். ஒரு பாதியில் உங்கள் ஊர் மழையளவு. மறுபாதியில் அன்றைய வானிலை எச்சரிக்கை, கடல் எச்சரிக்கை, கடலின் வெப்பம். இவை வானிலைத் துறையின் இணையதளத்திலும் இன்காய்ஸ் இணையதளத்திலும் எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. ‘ஆரஞ்சு எச்சரிக்கை’ என்றால் என்ன, ‘சிவப்பு எச்சரிக்கை’ என்றால் என்ன என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.

ஓராண்டு இதை விடாமல் செய்து பாருங்கள். கடல் சூடான வாரங்களையும் உங்கள் ஊரில் மழை பெய்த வாரங்களையும் ஒரே வரைபடத் தாளில் குறியுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியின் கணக்கோடு ஒப்பிடுங்கள். எப்போதும் பொருந்தாது. பொருந்தாத இடத்தில்தான் நல்ல கேள்விகள் பிறக்கும். கண்காட்சிக்கு அட்டைக் கோள் செய்வதைவிட இது கடினம். பரிசு கிடைக்காமலும் போகலாம். ஆனால் மழை வலுக்கும் ஒரு மார்கழி இரவில், அந்தக் கரும்பலகையைப் படித்த ஒருவர் தன் ஆட்டையும் மாட்டையும் மேட்டுக்கு ஓட்டிச் சென்றிருந்தால், 720 கி.மீ. உயரத்தில் தொடங்கிய வேலை அங்கேதான் முடிவுபெறுகிறது.

‘நம்ம ஊர்லதான் கடலே இல்லையே’ என்று கேட்ட மாணவிக்கு இப்போது என் முழு விடை இது: கடல் நம் ஊருக்கு ஆண்டில் இருமுறை மேகமாக வருகிறது. அது எப்போது, எவ்வளவு வரும் என்று பார்க்க நம் நாடு விண்ணில் ஒரு கண்ணை வைத்திருக்கிறது. அந்தக் கண் பார்த்ததை ஊருக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாக இரு, அம்மா. நாளைக் காலை 8.30 மணிக்கு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போ.